விழுந்து கிடந்த மரம்: ஆம்ஸ்டர்டாமில் ஒரு காலை

ஆம்ஸ்டர்டாமுக்கு வேலை மாறி வந்த மூன்றாவது வாரம். முந்தைய இரவு முழுக்கக் காற்று ஊளையிட்டுக்கொண்டே இருந்தது. காலையில் ஃபிரெடெரிக்ஸ்பிளைன் சதுக்கத்தின் வழியாக அலுவலகத்துக்கு நடந்தபோது, பெரிய மரம் ஒன்று தரையில் சாய்ந்து கிடந்தது. இரவுக் காற்றுக்குத்தான் விழுந்துவிட்டது என்று நினைத்தேன். மனசு கேட்காமல் பக்கத்தில் போய் அடிமரத்தில் கை வைத்தேன். சில்லென்று இருந்தது. அது மரமே இல்லை, வெண்கலம்.

நாயோடு வந்த ஒரு வயதான அம்மா நான் திகைத்து நிற்பதைப் பார்த்து நின்றார். இது வாலிக்காக வைத்தது என்றார். யார் வாலி என்று கேட்டேன். எதிரே உயர்ந்து நின்ற நெதர்லாந்து மத்திய வங்கியைக் காட்டி, அந்த வங்கியையே ஏமாற்றிய மனிதர் என்று சொல்லிவிட்டு நடந்தார். எனக்குத் தொழில் கணக்குத் தணிக்கை. வங்கியை ஏமாற்றியவருக்கு அந்த வங்கி வாசலிலேயே நினைவுச் சின்னமா? அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை.

அவர் முழுப்பெயர் வால்ராவன் வான் ஹால். 1906இல் வங்கிக் குடும்பத்தில் பிறந்தவர். ஆசைப்பட்டது என்னவோ கடலுக்கு. கப்பலில் அதிகாரியாக வேலையும் பார்த்தார். கண்பார்வை சரியில்லை என்று அந்த வழி அடைபட்டது. அப்புறம்தான் வங்கித் தொழில். 1940இல் ஜெர்மானியர் நாட்டைப் பிடித்தபோது, டச்சு வணிகக் கப்பல்களில் இருந்த மாலுமிகள் பலர் வெளியே மாட்டிக்கொண்டார்கள். வீட்டுக்குச் சம்பளம் வரவில்லை. அந்தக் குடும்பங்களுக்குப் பணம் திரட்டிக் கொடுப்பதில்தான் இவருடைய வேலை தொடங்கியது. கடலை விட்டு வந்த மனிதர் முதலில் கை நீட்டியது மாலுமி வீடுகளுக்கு என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

பிறகு அது தேசிய உதவி நிதியாக வளர்ந்தது. தலைமறைவாக இருந்தவர்கள், ஒளித்து வைக்கப்பட்ட யூதர்கள், தலைமறைவு இயக்கக் குழுக்கள் என எல்லோருக்கும் பணம் தேவை. ஒளிந்திருப்பவருக்கும் தினமும் சாப்பாடு வேண்டும், ஒளித்து வைத்த வீட்டுக்காரருக்கு வாடகை வேண்டும். 1944 செப்டம்பர் 17 அன்று லண்டனில் இருந்த டச்சு அரசின் அழைப்பை ஏற்று ரயில்வே வேலைநிறுத்தம் தொடங்கியபோது தேவை எங்கேயோ போய்விட்டது. சுமார் 30,000 தொழிலாளர்கள், விடுதலை வரும்வரை வேலைக்குத் திரும்பவில்லை. அத்தனை குடும்பங்களுக்கும் ரகசியமாகச் சம்பளம் போய்ச் சேர வேண்டும்.

அதற்கு அவரும் அண்ணன் கெய்ஸும் செய்ததைத் தொழில்காரனாக இரண்டு மூன்று முறை படித்துத்தான் நம்பினேன். அரசுக் கருவூலப் பத்திரங்களுக்குப் போலி தயாரித்தார்கள். வங்கிக்குள்ளேயே இருந்தவர்களின் துணையோடு பெட்டகத்தில் போலியை வைத்து அசலை வெளியே எடுத்தார்கள். அசலைப் பணமாக்கினார்கள். அப்போது வங்கியின் தலைவராக இருந்தவர் டச்சு நாஜிக் கட்சிக்காரரான ரோஸ்ட் வான் டொன்னிங்கன். அவர் மூக்குக்குக் கீழேயே 5 கோடி கில்டர் (அன்றைய டச்சு நாணயம்) அளவுக்கு வெளியே போனது. மொத்தமாக அந்த நிதி பட்டுவாடா செய்தது 8 கோடி கில்டருக்கும் மேல். (வங்கி அன்று இந்தச் சதுக்கத்தில் இல்லை, ஔட டுர்ஃப்மார்க்ட்டில் இருந்தது. இங்கே வந்தது 1968இல்.)

1945 ஜனவரி 27 அன்று வாலி பிடிபட்டார். பிப்ரவரி 12 அன்று ஹார்லெமில் சுட்டுக் கொன்றார்கள். 39 வயது முடிந்து இரண்டே நாள். மூன்று மாதத்துக்குள் போர் முடிந்துவிட்டது. அண்ணன் பிழைத்தார், பின்னால் ஆம்ஸ்டர்டாமின் மேயரும் ஆனார்.

இந்த மரத்தை 2010இல்தான் வைத்தார்கள். செய்தவர் ஸ்பெயின் நாட்டுச் சிற்பி ஃபெர்னாண்டோ சான்செஸ் காஸ்டில்யோ. இதுபோல வழியில் தட்டுப்பட்ட நினைவுச் சின்னங்கள் யாருக்காவது உண்டா? சொல்லுங்கள்.

*

அண்ணா, படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. நான் ஹார்லெமில் இருக்கிறேன். கெனாவுபார்க்கில் ஹன்னி ஸ்காஃப்ட்டுக்கு ஒரு சிலை இருக்கிறது. மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு அந்த வழியாகத்தான் சைக்கிளில் வருவேன். ஒரு வருஷம் பெயர்கூடப் பார்த்ததில்லை.

சட்டம் படித்துக்கொண்டிருந்த பெண். ஜெர்மானியரை எதிர்த்துத் துப்பாக்கி எடுத்தவர். செம்பட்டை முடி அடையாளம் காட்டிவிடும் என்று கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு திரிந்தவர். 1945 ஏப்ரல் 17 அன்று மணல்மேட்டில் கொன்றார்கள், வயது 24. என்னை உலுக்கியது வேறொன்று. அந்தச் சிலையைச் செய்தவர் ட்ரூஸ் ஓவர்ஸ்டீஹன். ஹன்னியோடு சேர்ந்தே ஆயுதம் ஏந்திய தோழி. போருக்குப் பிறகு சிற்பி ஆனார். கூட நின்றவளை 1982இல் தன் கையாலேயே வெண்கலத்தில் நிறுத்தியிருக்கிறார். அது தெரிந்த நாளிலிருந்து அங்கே சைக்கிளை நிறுத்தாமல் என்னால் வர முடிவதில்லை.

*

மே 4 அன்று இரவு 8 மணிக்கு அந்த மரத்தருகே போய்ப் பாருங்கள், தம்பி. போரில் இறந்தவர்களுக்காக நாடு முழுவதும் இரண்டு நிமிடம் மௌனம். ட்ராம் நின்றுவிடும். நான் முதல்முறை அது தெரியாமல் தெருவில் போனில் பேசிக்கொண்டிருந்தேன். சுற்றி எல்லோரும் அப்படியே நின்றார்கள். குரல் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

*

ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. நீங்கள் எழுதியதைப் படித்தபிறகு போன ஞாயிறு ஓவர்வேன் பக்கத்து மணல்மேடுகளில் இருக்கும் கௌரவ மயானத்துக்குப் போய் வந்தேன். ஜெர்மானியரை எதிர்த்து உயிர்விட்ட 372 பேர் அங்கே இருக்கிறார்கள். அதில் ஒரே பெண் ஹன்னி. வாலியும் அங்கேதான்.

திரும்பும்போது மழை. ஃபிரெடெரிக்ஸ்பிளைனில் இறங்கிக்கொண்டேன். யாரோ ஒருவர் மரத்தின் கிளை இடுக்கில் ஒரு கொத்துப் பூ செருகிவிட்டுப் போயிருந்தார். சீட்டு எதுவும் இல்லை. ஒரு சின்னப் பையன் அடிமரத்தின் மேல் ஏறி நடந்துகொண்டிருந்தான். அவனுடைய தாத்தா அவன் கையைப் பிடித்தபடி கூடவே நடந்து, ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குப் புரிந்த டச்சு கொஞ்சம்தான். 'வாலி' என்ற பெயர் மட்டும் இரண்டு தடவை காதில் விழுந்தது.