அண்ணனின் முன்விடுதலை நிராகரிப்பு: அடுத்து என்ன செய்வது?

வணக்கம். பாபநாசம் பக்கம் ஒரு கிராமம். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் நடந்த கொலைக்கு என் அண்ணனுக்கு 2010-இல் ஆயுள் தண்டனை. கழிவு (நன்னடத்தைக்காகக் குறைக்கிற நாட்கள்) எதுவும் சேர்க்காமலே உள்ளே 15 வருடம் ஆகிவிட்டது, அதாவது இப்படிப்பட்ட ஆயுள் கைதியை முன்கூட்டி விடுவதற்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 433ஏ பிரிவு (2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 475) கேட்கிற 14 வருடம் தாண்டியாச்சு. வயது 54, சர்க்கரை வேறு. அப்பா சாவுக்கு விடுப்பில் வந்தவர் காரியம் முடிந்ததும் சொன்ன நேரத்துக்குத் திரும்பிப் போனார்.

முன்விடுதலை கேட்டதற்கு நன்னடத்தை அலுவலர் விசாரிக்க வீட்டுக்கு வந்தார். எங்கே தங்குவார், என்ன வேலை என்று கேட்டு, மாட்டுக்கொட்டகை வரை பார்த்துவிட்டு நல்லபடியாகத்தான் எழுதினாராம். ஆனால் காவல்துறை அறிக்கையில் "வந்தால் ஊரில் அமைதி கெடும்" என்று ஒரே வரி, அதை வைத்தே நிராகரித்துவிட்டார்கள். எதிர்த்தரப்புக் குடும்பம் 2015-லேயே திருப்பூர் போய்விட்டது, அவர்கள் வீட்டுத் திண்ணையில் இப்போது யாரோ ஆடு கட்டுகிறார்கள். அமைதி யாருக்குக் கெடுமோ!

தகவல் உரிமையில் அறிக்கை நகல் கேட்டேன், தரவில்லை. மறுபரிசீலனை மனு போட்டு எட்டு மாதம், பதில் இல்லை. கும்பகோணத்து வக்கீல் ஒருவர் லக்ஷ்மண் நஸ்கர் வழக்கில் (2000) உச்ச நீதிமன்றம் சொன்னதைக் காட்டினார்: குற்றம் சமூகத்தைப் பாதித்ததா, மறுபடி செய்வாரா, அதற்கான தெம்பு இருக்கிறதா, இனியும் உள்ளே வைப்பதில் பயன் உண்டா, குடும்ப நிலை என்ன. எங்களுக்கு வந்த உத்தரவில் இதில் ஒன்றுகூட இல்லை.

மறுபரிசீலனை நிலுவையில் இருக்கும்போதே உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாமா, இல்லை அதன் முடிவு வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டுமா?