வெக்கை, ஈபி பில், சோலார்: பொதுமக்களுக்கான தளத்தில் எதை முதலில் வைப்பது?

மாடிநிழல்:
வணக்கம். எங்கள் ஊர் நகராட்சியோடு சேர்ந்து ஒரு தன்னார்வக் குழு பொதுமக்களுக்காக இணையதளம் ஒன்று செய்கிறது. வடிவமைப்பு என் பொறுப்பு. வீட்டில் வெக்கையையும் கரண்ட் செலவையும் குறைக்க என்னென்ன மாற்றம் செய்யலாம் என்பதுதான் விஷயம்: மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு அல்லது கூலிங் டைல்ஸ், பழைய ஃபேனை மாற்றுவது, மேற்கு ஜன்னலுக்கு நிழல், ஏசி, அப்புறம் சோலார். குழு தந்த வரைவில் முகப்பிலேயே திட்டங்கள், மானியம், தொழில்நுட்பம், தொடர்புக்கு என்று நாலு பெட்டி இருக்கிறது. ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களிடம் போனில் காட்டிப் பார்த்தோம். பெரும்பாலானவர்கள் மானியத்தைத் தொட்டார்கள், உள்ளே பக்கம் பக்கமாக விதிமுறை வந்ததும் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வாடகைக்கு இருக்கும் ஒரு அக்கா "இது சொந்த வீட்டுக்காரங்களுக்குத்தானே தம்பி" என்று கேட்டார். அவருக்கும் சொல்ல எவ்வளவோ இருக்கிறது, ஆனால் அந்த முகப்பில் அவர் நுழைய வழியே இல்லை. முகப்பை எப்படி மாற்றலாம், கணக்குப் போடும் கருவி ஏதாவது வைக்கலாமா? இந்த வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கம்பிவேலை:
தம்பி, நான் வயரிங்கும் சோலாரும் செய்கிறவன். வெப்சைட் வேலை எனக்குத் தெரியாது, ஆனால் ஜனங்கள் என்ன கேட்டுக்கொண்டு வருவார்கள் என்பது தெரியும். யாரும் 'எரிசக்தித் திறன்' என்று கேட்டு வருவதில்லை. "இந்த தடவை பில் ஏன் இவ்வளவு", "மேல் ரூமில் ராத்திரி படுக்க முடியவில்லை", இந்த இரண்டுதான். அந்த இரண்டையும் முகப்பில் அப்படியே எழுதி வையுங்கள்.

கணக்குக் கருவி கட்டாயம் வேண்டும், ஆனால் சின்னதாக இருக்கட்டும். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேன் 30 வாட் பக்கம். தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் ஒரு ஃபேனுக்கே 32 யூனிட் குறையும், மூன்று ஃபேன் என்றால் 97. நம் ஊர் கட்டணத்தில் 500 யூனிட் ஒரு பெரிய கோடு. 2024ல் வந்த அட்டவணைப்படி அதைத் தாண்டினால் 101லிருந்து 200 வரைக்கும் கிடைக்கிற குறைந்த விலை போய்விடும். 560 யூனிட் ஓடுகிற வீட்டில் மூன்று ஃபேனை மாற்றினாலே கோட்டுக்குக் கீழே வந்துவிடலாம். இதை வாடகை வீட்டில் இருக்கிறவரும் செய்யலாம், காலி செய்யும்போது ஃபேனைக் கழற்றிக் கையோடு கொண்டுபோகலாம். அந்த அக்காவுக்கு முதலில் இதைத்தான் காட்ட வேண்டும்.

இன்னொன்று, வேலைகளின் வரிசை. நிறைய பேர் மானியம் இருக்கிறதே என்று முதலில் பேனலை மாட்டிவிடுகிறார்கள். அடுத்த மழையில் தளம் ஒழுகும், அப்போது ஸ்டாண்டுக்கு அடியில் புகுந்து தட்டோடு பெயர்த்து வேலை செய்வது பெரிய பாடு, செலவும் கூடும். ஒழுகலை அடைத்து, வெள்ளைப் பூச்சோ டைல்ஸோ முடித்து, ஃபேன் மாற்றி, அதற்குப் பிறகு வருகிற பில்லைப் பார்த்து எத்தனை கிலோவாட் என்று முடிவு செய்ய வேண்டும். 1 கிலோவாட் தினம் சுமார் 4 யூனிட் தரும், அதுவும் தண்ணீர்த் தொட்டியின் நிழல் பேனல் மேல் விழாமல் இருந்தால். மானியம் எங்கும் ஓடிப்போகாது என்று நினைத்து இதைச் செய்யுங்கள் என்று நான் சொல்வது உண்டு, ஆனால் திட்டம் எப்போது முடியும் என்பது என் கையில் இல்லை. அதனால் கடைசித் தேதி ஏதும் இருந்தால் தளத்தில் பெரிதாகப் போடுங்கள்.

தேம்ஸ்கரை:
லண்டனிலிருந்து எழுதுகிறேன். திட்டம் முடிவது பற்றி மேலே அண்ணன் சொன்னது முக்கியமான விஷயம். இங்கே கிரீன் ஹோம்ஸ் கிராண்ட் என்று வீட்டுக்கு இன்சுலேஷன் (வெப்பம் கடக்காமல் தடுக்கும் அடுக்கு) போட ஒரு மானியம் 2020 செப்டம்பரில் திறந்து 2021 மார்ச்சில் புது விண்ணப்பங்களுக்கு மூடிவிட்டார்கள். ஆறு மாதக் கதை. தளத்தையே ஒரு திட்டத்தைச் சுற்றிக் கட்டினால் திட்டம் போகும்போது தளமும் போய்விடும். வீட்டைச் சுற்றிக் கட்டுங்கள், மானியம் அந்தந்த வேலையின் பக்கத்தில் ஒரு பத்தியாக, எந்தத் தேதி நிலவரம் என்ற குறிப்போடு இருக்கட்டும்.

இங்கே எனக்குப் பிடித்தது எரிசக்திச் சான்றிதழ்ப் பக்கம். அஞ்சல் குறியீட்டைப் போட்டு வீட்டைத் தேர்ந்தெடுத்தால் ஏ முதல் ஜி வரை அந்த வீட்டுக்கு என்ன தரம் என்று வரும். கீழே என்னென்ன வேலை செய்யலாம், ஒவ்வொன்றுக்கும் சுமாராக எவ்வளவு செலவு, வருஷத்துக்கு எவ்வளவு மிச்சம் என்று வரிசையாக இருக்கும். லாகின் கிடையாது, ஓடிபி கிடையாது. உங்கள் தளத்திலும் படிப்பதற்கு எதுவும் கேட்காதீர்கள். கேள்வி கேட்கத்தான் வேண்டுமென்றால் ஒரு திரைக்கு ஒரே கேள்வி: சொந்த வீடா வாடகையா, மேலே மொட்டை மாடியா இன்னொரு வீடா, போன பில்லில் எத்தனை யூனிட். இந்த மூன்று போதும்.

விழியொலி:
எனக்குப் பார்வை மிகக் குறைவு, திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் ஸ்க்ரீன் ரீடரில்தான் படிக்கிறேன். பொதுத் தளம் என்பதால் இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்: அறிவிப்பைப் படமாகப் போடாதீர்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப்பும் எங்களுக்கு வெறும் படம்தான். எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி படிக்க வரும் எழுத்துமுறையான யூனிகோடைத் தமிழக அரசு ஏற்று ஆணை போட்டது 2010ல், இன்னும் பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் வருகின்றன, வாசிப்பான் அதை அர்த்தமில்லாத எழுத்துக் குவியலாகப் படிக்கிறது, கூகுளில் தேடினாலும் கிடைக்காது.

பார்வை உள்ளவர்களுக்கும் ஒன்று. தமிழில் மேலேயும் கீழேயும் கொக்கி வருவதால் வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாக வையுங்கள். 'விண்ணப்பிக்கவும்' போன்ற நீளமான சொல் சின்ன போனில் பொத்தானுக்கு வெளியே போய்விடும், வடிவத்தைத் தமிழ்ச் சொற்களை வைத்தே சோதித்துப் பாருங்கள். ஃபேன், ஏசி மேல் கரண்ட் சிக்கனத்தைக் காட்ட ஒட்டும் ஸ்டார் லேபிளை விளக்கும்போது நிறத்தை மட்டும் நம்பாமல் '5 ஸ்டார்' என்று எழுத்திலும் சொல்லுங்கள்.

மாடிநிழல்:
எல்லோருக்கும் நன்றி. நாலு பெட்டியையும் எடுத்துவிட்டு இரண்டு கேள்வியை வைக்கிறேன் என்று குழுவிடம் சொல்லப்போகிறேன். ஒரு சந்தேகம், வீட்டு சோலாருக்கு மானியம் தரும் மத்திய அரசின் சூர்ய கர் திட்டம் பற்றி எவ்வளவு எழுதலாம்? அண்ணா, விண்ணப்பத்தில் ஜனங்கள் எங்கே தடுமாறுகிறார்கள்?

கம்பிவேலை:
தொகை சுருக்கமாகப் போதும்: முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000, மொத்தம் 78,000க்கு மேல் இல்லை. மானியம் வேலை முடிந்த பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும், முழுப் பணத்துக்கும் முதலில் ஏற்பாடு வேண்டும் என்பதை அதே வரியில் போடுங்கள், இதைத் தெரியாமல் வந்து ஏமாந்து போகிறவர்கள்தான் அதிகம். தடுமாறுவது சர்வீஸ் நம்பரில். வீட்டில் கடைசி சில எண்ணை மட்டும் ஞாபகம் வைத்திருப்பார்கள், வட்டார எண்ணோடு சேர்த்து முழுசாகப் போட்டால்தான் ஏற்கும். பில் ரசீதின் படத்தில் அந்த இடத்தை வட்டமிட்டுக் காட்டுங்கள், விழியொலி சொன்ன மாதிரி கீழே எழுத்திலும் எழுதிவிடுங்கள். இணைப்பு இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் முதலில் பெயர் மாற்றம் செய்யச் சொல்லுங்கள். அதற்குத் தனிப் பக்கமே வேண்டும் தம்பி, எங்கள் ஏரியாவில் பாதி வீடு அப்படித்தான் இருக்கிறது.