அப்பாவின் காது மெஷின் விசிலடிக்கிறது
அப்பாவுக்கு 72 வயது, மதுரை. வலது காதில் 70 டெசிபல் இழப்பு. காதுக்குப் பின்னால் மாட்டுகிற மெஷின், 13ஆம் நம்பர் பேட்டரி, வாங்கி எட்டு மாதம். மூன்று வாரமாக ஒரே விசில். இட்லியை மென்றாலும், போனைக் காதருகே கொண்டுபோனாலும் கீச்சென்று கத்துகிறது. அவருக்கு அது கேட்பதில்லை, எங்களுக்குத்தான் கேட்கிறது!

டாக்டரிடம் காட்டி காது அழுக்கை எடுத்தாயிற்று. பேட்டரி புதிது. நுனியில் இருக்கும் ரப்பர் டோமையும் பெரிய சைஸுக்கு மாற்றினோம். வாங்கிய கடையில் சத்தத்தைக் குறைத்து வைத்தார்கள். விசில் நின்றது, அப்புறம் பேச்சும் கேட்கவில்லை. இப்போது மெஷின் டப்பாவில் கிடக்கிறது. என்ன சொன்னாலும் "சரி சரி" என்று தலையாட்டுகிறார்.

டோமுக்குப் பதிலாக, காதில் அச்செடுத்துச் செய்யும் மோல்டு போட்டவர்களுக்கு இந்த விசில் நின்றதா?