பழைய வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11: கொழும்பில் கண்டதும் தீர்த்ததும் (ஒரு இணைய மன்ற உரையாடல்)

பம்பலப்பிட்டி பெஞ்ச்

விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றுவிட்டது. அதிலிருந்து எல்லோரும் கேட்பது "இதில 11 ஏறுமா?" என்பதைத்தான். பதில் ப்ரொசெஸர் எண்ணில் இருக்கிறது. இன்டெல் என்றால் கோட்டுக்குப் பிறகு வரும் எண்ணைப் பாருங்கோ. டெஸ்க்டொப்பில் நாலு இலக்கம் என்றால் முதல் இலக்கம்தான் தலைமுறை: ஐ5-4570 நாலாம் தலைமுறை, ஐ3-8100 எட்டாம் தலைமுறை. ஐந்து இலக்கம் என்றால் முதல் இரண்டும், அதாவது 10400 பத்தாம் தலைமுறை. எட்டும் அதற்கு மேலும் விண்டோஸ் 11க்கு மைக்ரோசொஃப்ட் ஏற்கும் ப்ரொசெஸர் பட்டியலில் உண்டு. ஏழும் அதற்குக் கீழும் ஓரிரு விதிவிலக்கு தவிர இல்லை.

ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையில் இருந்து சரி என்று பொதுவாகச் சொல்வார்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது. 2200ஜி, 2400ஜி இரண்டும் பெயரில் 2000 ஆனாலும் உள்ளே இருப்பது ஏஎம்டியின் முதல் தலைமுறை 'சென்' வடிவமைப்புத்தான், பட்டியலில் இல்லை. 3200ஜி உண்டு. யுனிட்டி பிளாஸா கணினிக் கடைகள் பக்கம் பாவித்த மெஷின் வாங்கப் போகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கோ.

கோர் 2 டுவோ, கோர் 2 குவாட் வைத்திருப்பவர்கள் விண்டோஸ் 11ஐ மறந்துவிடலாம். அதன் 24எச்2 பதிப்பில் (2024இல் வந்தது) இருந்து எஸ்எஸ்இ4.2, பொப்கவுண்ட் என்ற இரண்டு கட்டளைகள் ப்ரொசெஸரில் இருந்தே ஆக வேண்டும். கோர் 2வில் அவை இல்லை. எந்த மாற்று வழியில் ஏற்றினாலும் போட் ஆகாது, அதாவது விண்டோஸ் தொடங்காது. அப்படிப்பட்ட மெஷினுக்கு யாராவது "ஏற்றித் தாறன்" என்று காசு கேட்டால் எந்தப் பதிப்பு என்று கேளுங்கோ.

வெள்ளவத்தை வயர்

தலைமுறை சரியாக இருந்தும் "இந்தக் கணினி பொருந்தாது" என்று வருவதுதான் இங்கே அதிகம். எட்டாம், ஒன்பதாம் தலைமுறை டெஸ்க்டொப்களில் டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதி உள்ளே இருக்கும், பயோஸில் (விண்டோஸுக்கு முதல் வரும் போர்டின் அமைப்புத் திரையில்) அணைத்து வைத்திருப்பார்கள். இன்டெல் போர்டில் அதன் பெயர் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம். அசூஸ் போர்டு என்றால் அட்வான்ஸ்டுக்குள் பிசிஎச் எஃப்டபிள்யூ என்ற மெனுவில் தேடுங்க. இதற்கென்று தனியாக டிபிஎம் சில்லு வாங்கத் தேவையில்லை.

அடுத்தது செக்யூர் பூட், மெஷின் எழும்பும்போது சரிபார்த்த மென்பொருளை மட்டும் ஏற்ற விடும் காவல். இங்கேதான் ஆட்கள் மாட்டுகிறார்கள். கொழும்பில் கட்டிக் கொடுத்த பல மெஷின்களில் விண்டோஸை பழைய லெகசி பூட் முறையில், எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் அமைப்புள்ள டிஸ்க்கில் போட்டிருப்பார்கள். பயோஸில் சிஎஸ்எம்மை (பழைய முறைக்கு இடம் கொடுக்கும் அமைப்பை) அணைத்தவுடன் டிஸ்க்கே தெரியாது, "பூட் டிவைஸ் இல்லை" என்று நிற்கும். டிஸ்க் பழுதில்லை. சிஎஸ்எம்மைத் திரும்பப் போட்டால் பழையபடி வரும். ஆகவே முதலில் டிஸ்க்கை ஜிபிடி என்ற புதிய அமைப்புக்கு மாற்ற வேண்டும், பயோஸைத் தொடுவது அதற்குப் பிறகு.

மாற்றுவதற்கு விண்டோஸ் 10க்குள்ளேயே எம்பிஆர்-டு-ஜிபிடி (mbr2gpt) என்ற கருவி இருக்கிறது. நிர்வாகி உரிமையோடு கமாண்ட் ப்ரொம்ப்டைத் திறந்து முதலில் சரிபார்க்கும் கட்டளையை (/validate) மட்டும் ஓட்டுங்க, அது எதையும் மாற்றாது. தேறினால் மாற்றும் கட்டளை (/convert). ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள் இருந்து செய்வதானால் 'முழு ஓஎஸ்ஸில் அனுமதி' (/allowFullOS) என்ற சுவிட்சையும் இரண்டிலும் சேர்க்க வேண்டும். ஓரிரு நிமிட வேலை, ஃபைல் எதுவும் போகாது. முடிந்ததும் அடுத்த ரீஸ்டார்ட்டிலேயே பயோஸுக்குப் போய் சிஎஸ்எம்மை அணைத்து யூஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறைக்கு மாற்ற வேண்டும்.

சரிபார்ப்பில் தோற்றால் காரணம் பெரும்பாலும் இது: டிஸ்க்கை சி, டி, ஈ, எஃப் என்று பிரித்து வைத்திருப்பார்கள், அதில் டி முதல் எல்லாம் ஒரே எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனுக்குள் (பல பிரிவுகளை உள்ளே அடக்கும் ஒரு பிரிவு) இருக்கும். அந்தக் கருவி எக்ஸ்டெண்டட் இருந்தாலே மறுக்கும். முதன்மைப் பார்ட்டிஷன் மூன்றுக்கு மேல் இருந்தாலும் மறுக்கும். டி, ஈ, எஃப்பில் உள்ளதை வெளி டிஸ்க் ஒன்றுக்குப் பிரதி எடுத்து, திறந்து பார்த்து உறுதி செய்து, அந்தப் பார்ட்டிஷன்களை அழித்துவிட்டு மாற்றினால் சரிவரும். குடும்பப் படங்கள் எப்போதும் டியில்தான் இருக்கும், நினைவிருக்கட்டும்.

விண்டோஸ் 10 32-பிட் பதிப்பாக இருந்தால் இந்த வழியெல்லாம் இல்லை. 11 64-பிட்டில் மட்டும்தான் வருகிறது, புதிதாகப் போடுவதுதான் ஒரே வழி.

மருதானை மலர்

வயர் அண்ணா சொன்னதோடு ஒன்று. சிஎஸ்எம்மை அணைத்தவுடன் திரை முழுக்கக் கறுப்பு, ஆனால் ஃபேன் ஓடுகிறது என்றால் கிராஃபிக்ஸ் கார்டைப் பாருங்க. 2012க்கு முந்திய கார்டுகள் பலவற்றில் யூஇஎஃப்ஐ முறையில் படம் காட்டத் தேவையான ஜிஓபி ஃபர்ம்வேர் இல்லை. கார்டைக் கழற்றி, மொனிட்டர் வயரை போர்டில் உள்ள போர்ட்டில் குத்தினால் படம் வரும். ப்ரொசெஸரிலேயே கிராஃபிக்ஸ் இல்லாத மெஷின் என்றால் சிமோஸை (பயோஸ் அமைப்புகளின் நினைவகத்தை) கிளியர் பண்ணித்தான் மீட்க வேண்டும்.

சிமோஸ் என்றதும் அந்த வட்டப் பெட்டரி. சிஆர்2032, 3 வோல்ட். பத்து வருடப் போர்டில் அது செத்துத்தான் இருக்கும். இதை மாற்றாமல் மேலே சொன்ன எதையும் தொடாதீங்க. கரண்ட் போய் வந்ததும் பயோஸ் தன் பாட்டுக்குப் பழைய நிலைக்குத் திரும்பும்: டிபிஎம் அணையும், பல போர்டுகளில் சிஎஸ்எம் திரும்ப ஏறும், நேற்று ஓடிய விண்டோஸ் இன்று வராது. திகதியும் பின்னால் போகும். திகதி பிழைத்தால் எந்த இணையத்தளத்தைத் திறந்தாலும் சான்றிதழ் பிழை காட்டும், அப்டேட்டும் இறங்காது. "வைரஸ் வந்திட்டுது" என்று தூக்கி வரும் சில மெஷின்களுக்கு அந்தப் பெட்டரிதான் மருந்து.

புதியவர்_தெஹிவளை

ஐ5-4570, எச்81 போர்டு, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹாட் டிஸ்க். பிள்ளைகளின் சூம் வகுப்பு, பேங்க் வேலை, கொஞ்சம் வேர்டு. என்ன செய்யலாம் அண்ணா?

பம்பலப்பிட்டி பெஞ்ச்

தம்பி, ஓஎஸ்ஸுக்கு முதல் டிஸ்க்கைப் பாருங்கோ. டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளைப் போட்டு 05, சி5 (பழுதான இடங்களைக் காட்டுபவை) என்ற இரண்டு வரிகளையும் பாருங்கோ. அவற்றின் மூலப் பெறுமதி பூச்சியம் இல்லையென்றால் அந்த ஹாட் டிஸ்க் போகத் தொடங்கிவிட்டது. அந்த நிலையில் குளோன் (முழு டிஸ்க்கையும் அப்படியே பிரதி) பண்ணாதேங்கோ, தேவையான ஃபைல்களை மட்டும் முதலில் வெளியே எடுங்கோ.

அதோடு ஒரு 240 அல்லது 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி. எச்81 போர்டில் நாலு சாட்டா துளைகளில் இரண்டுதான் 6 ஜிகாபிட் வேகம், மற்ற இரண்டும் 3. போர்டில் அச்சடித்திருப்பதைப் பார்த்து வேகமானதில் குத்துங்கோ. எச்61 போர்டில் எல்லாமே 3தான். அதிலும் ஹாட் டிஸ்க்கோடு ஒப்பிட்டால் வித்தியாசம் நன்றாகத் தெரியும், அதனால் அதற்கென்று போர்டு மாற்ற வேண்டாம். மலிவு என்று என்விஎம்இ (வேறு வகை எஸ்எஸ்டி) வாங்கி அடாப்டரில் போட நினைத்தால், அந்தக் காலத்துப் போர்டுகள் பெரும்பாலும் அதிலிருந்து போட் ஆகாது.

500 ஜிபியில் இருந்து 240க்கு குளோன்சில்லா என்ற குளோன் மென்பொருளில் நேரே போக முடியாது, போகும் டிஸ்க் சிறிதாக இருந்தால் நிறுத்திவிடும். முதலில் டிஸ்க் மேனேஜ்மெண்டில் பார்ட்டிஷனைச் சுருக்க வேண்டும். புதிதாகவே போடுவது சுத்தம்.

ரேம் இன்னொரு 4 ஜிபி, டிடிஆர்3, 1600. டெஸ்க்டொப்புக்கு 1.5 வோல்ட், 1.35 வோல்ட் டிடிஆர்3எல் இரண்டும் பெரும்பாலும் சரிவரும். நாலாம் தலைமுறை லப்டொப்பில் அப்படியில்லை, 1.35 வோல்ட் டிடிஆர்3எல்தான் வேணும். 1.5 மட்டும் தாங்கும் குச்சியைப் போட்டால் லப்டொப் எழும்பாது, ரேம் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டு போவீங்கள். கடற்கரைப் பக்கத்து வீடு என்றால் ரேமின் தங்க முனைகளைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்துவிட்டுப் போடுங்கோ, உப்புக் காற்றுக்கு அது கறுக்கும்.

தெமட்டகொடை லினக்ஸ்

அதே மெஷினுக்கு மூன்று வழி இருக்குது.

ஒன்று, விண்டோஸ் 10ஐயே வைத்து நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டில் சேர்வது. வீட்டுப் பாவனைக்கு 2026 ஒக்டோபர் 13 வரை என்று அறிவித்த திட்டம். பதிப்பு 22எச்2 ஆக இருக்க வேணும், மைக்ரோசொஃப்ட் கணக்கும் வேணும். அமைப்புகளை ஒத்திசைத்தால் காசில்லை, இல்லாவிட்டால் 1000 ரிவார்ட்ஸ் புள்ளி அல்லது 30 டொலர். அப்டேட் பக்கத்திலேயே சேரும் பட்டன் வரும். பேங்க் வேலைக்கு இது போதும், ஆனால் காலம் தள்ளுவதுதான்.

இரண்டு, பொருந்தாத மெஷினில் 11ஐ வலிந்து ஏற்றுவது. 8 ஜிபி பென் ட்ரைவ், மைக்ரோசொஃப்ட் தளத்தில் இருந்து ஐஎஸ்ஓ (விண்டோஸ் நிறுவும் ஃபைல்), அதைப் பென் ட்ரைவில் எழுத ரூஃபஸ் என்ற மென்பொருள். எழுதத் தொடங்கும்போது ரூஃபஸ் ஒரு பெட்டி காட்டும், அதில் 4 ஜிபி ரேம், செக்யூர் பூட், டிபிஎம் சோதனையை நீக்கும் வரியில் டிக் போட வேணும். ஐஎஸ்ஓ 5 ஜிபிக்கு மேல், அதனால் டேட்டா பொதி பார்த்து இரவில் இறக்குங்க. ஃபைல், புரோகிராம் அப்படியே இருக்கட்டும் என்றால் அந்த ட்ரைவிலிருந்து போட் பண்ணக் கூடாது, விண்டோஸ் 10க்குள் நின்று செட்டப்பை ஓட்ட வேணும். பிடிக்காவிட்டால் 10 நாளுக்குள் பழையதற்குத் திரும்பலாம், அதற்குள் டிஸ்க் கிளீனப் போட்டு விண்டோஸ்.ஓல்ட் ஃபோல்டரை அழித்துவிடாதீங்க.

இந்த வழியில் ஏறிய மெஷினுக்கு மாதாந்த அப்டேட் வரும். வருடாந்தப் பதிப்பு மாற்றம் பெரும்பாலும் தானாக வராது, ஒவ்வொரு முறையும் ஐஎஸ்ஓ இறக்கிக் கையால் ஏற்ற வேணும். மைக்ரோசொஃப்ட் எந்த உத்தரவாதமும் தரவில்லை. வீட்டில் அதைச் செய்ய ஒருத்தர் இருந்தால் சரி. வயது போன அம்மா அப்பா மட்டும் இருக்கும் வீட்டுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்று, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலவச ஓஎஸ். 22ஆம் பதிப்பு 2029 வரை ஆதரவுள்ளது. 2 ஜிபியில் எழும்பும், ஆனால் பிரவுசரில் நாலு டெப் திறந்தால் மூச்சு வாங்கும், 4 ஜிபி வையுங்க. சூம் ஓடும். வேர்டுக்குப் பதில் லிப்ரே ஒஃபிஸ். பென் ட்ரைவில் இருந்தே போட் பண்ணி, நிறுவ முதல் வைஃபை, சவுண்ட், கெமரா மூன்றையும் பாருங்க. வைஃபை தெரியவில்லை என்றால் உள்ளே ப்ரோட்கொம் சில்லாக இருக்கலாம். ஃபோனை யூஎஸ்பி வயரால் குத்தி டெதரிங் (ஃபோனின் நெட்டைக் கணினிக்குத் தருவது) போட்டு, ட்ரைவர் மேனேஜரைத் திறந்தால் அதுவே கண்டுபிடிக்கும்.

வெள்ளவத்தை வயர்

"அண்ணே ஏற்றித் தாங்க" என்று வரும் மெஷின்களில் எக்டிவேட்டர் (விண்டோஸைக் காசில்லாமல் திருட்டுத்தனமாகப் பதியும் மென்பொருள்) போட்டிருந்தால் முதலில் அதைப் பாருங்க. அவற்றில் பல அப்டேட் சேவையையும் விண்டோஸின் வைரஸ் காவலான டிஃபெண்டரையும் அணைத்துவிடும், பிறகு செட்டப் பாதியில் நின்று பழையதற்குத் திரும்பும். அதை நோண்டிக்கொண்டு இருப்பதை விடச் சுத்தமாக அழித்துப் போடுவது லேசு. முறையாகப் பதிவான 10 இருந்தால் அதே போர்டில் 11 தானாகப் பதிவாகும். விண்டோஸ் 7 சாவியை வைத்துப் புதிதாக ஏற்றும் வழியை 2023 செப்டெம்பரில் மூடிவிட்டார்கள்.

இன்னொன்று: 24எச்2ஐப் புதிதாகப் போட்டு மைக்ரோசொஃப்ட் கணக்கால் உள்ளே போனால், தகுதியுள்ள மெஷினில் டிஸ்க் தானாகப் பூட்டப்படும். பிறகு பயோஸில் ஏதும் மாற்றினால் 48 இலக்கச் சாவி கேட்கும். அது அந்தக் கணக்கில்தான் இருக்கும். கடைக்காரர் தன் கணக்கால் போட்டுக் கொடுத்திருந்தால் சாவியும் அவரிடம்தான்.

கொட்டாஞ்சேனை டிடிபி

யாரும் எழுத்துருவைப் பற்றிச் சொல்லவில்லையே. பாமினியில் அடித்த பழைய வேர்டு ஃபைல்கள் இல்லாத தமிழ் வீடு கொழும்பில் குறைவு: கோயில் நோட்டீஸ், கல்யாண அட்டை, பள்ளிக்கூட வினாத்தாள். பாமினி யூனிகோட் (எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரிப் படிக்கப்படும் எழுத்து முறை) அல்ல. எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். ஃபைல் பழுதாகிவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். டிஸ்க்கைத் துடைக்க முதல் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபொன்ட்ஸைத் திறந்து பாமினி, அதன் உறவு எழுத்துருக்கள் எல்லாவற்றையும் பென் ட்ரைவில் எடுத்து வையுங்கள். புதிய விண்டோஸில் வலது கிளிக் செய்து எல்லாப் பாவனையாளருக்கும் என்று நிறுவுங்கள், வேர்டு திறந்திருந்தால் மூடித் திறக்க வேண்டும்.

புதிதாக அடிப்பதற்கு யூனிகோட். விண்டோஸ் 11இல் தமிழ் 99, அஞ்சல், ஒலிப்பு மூன்றும் உள்ளேயே உண்டு, மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் வரும். மின்ட்டில் ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள்கள் இரண்டையும் நிறுவினால் தமிழ் 99உம் தட்டச்சு முறையும் மட்டுமில்லை, இலங்கையின் ரெங்கநாதன் விசைப்பலகையும் பட்டியலில் இருக்கும். பாமினிக்குப் பழகிய கைக்கு அதுதான் கிட்ட.

தெமட்டகொடை லினக்ஸ்

அக்கா சொன்னது மின்ட்டுக்கும் பொருந்தும். பாமினி எழுத்துரு ஃபைலை இரட்டைக் கிளிக் பண்ணினாலே நிறுவும் பட்டன் வரும்.

புதியவர்_தெஹிவளை

கெனன் எல்பிபி2900 பிரிண்டர் ஒன்றும் இருக்குது. மின்ட் போட்டால் ஓடுமா?

மருதானை மலர்

அதுதான் சிக்கல். 2900 கெனனின் கேப்ட் மொழியில் பேசும் பிரிண்டர், லினக்ஸில் குத்தினவுடன் ஓடாது. அதற்கான ட்ரைவர் 32-பிட் நூலகங்கள் கேட்கும், ஏற்றினாலும் இடையில் நின்றுபோகும். எச்பி 1020 என்றால் எச்பியின் லினக்ஸ் மென்பொருளான எச்பிலிப்பும் அதன் பிளக்இன்னும் போட்டால் ஓடும், பிளக்இன் இறக்க நெட் வேண்டும். 2900க்கு விண்டோஸின் 64-பிட் ட்ரைவர் இருக்கிறது, 11இலும் ஏறும். ட்ரைவர் கேட்கும் வரைக்கும் யூஎஸ்பி வயரைக் குத்தாதீங்க. முதலே குத்தினால் விண்டோஸ் அதை அறியாத கருவி என்று பதிந்துவிடும், பிறகு டிவைஸ் மேனேஜரில் அழித்துத்தான் திரும்பத் தொடங்க வேண்டும். தினமும் அச்சடிக்கும் வீடு என்றால், அந்தப் பிரிண்டருக்காகவே விண்டோஸில் இருங்க.