ஸ்கிரிப்ட் உங்கள் காலை வாரிய அனுபவம் உண்டா?

பேட்டை_பொடியன்:
கல்லிடைக்குறிச்சியில் ஓர் அப்பள மொத்த வியாபாரிக்கு என்8என் (வேலைகளைத் தானாக ஓட்டும் மென்பொருள்) போட்டுக் கொடுத்திருந்தேன். வாட்ஸ்அப்பில் கடைக்காரர்கள் அனுப்புவதைப் பிரித்து, காலை ஆர்டரையும் மாலை ஆர்டரையும் கூட்டிச் சீட்டு அடிக்கணும். அதில் நாமே நிரல் எழுதுகிற கட்டமான கோட் நோடில் நாலே வரி ஜாவாஸ்கிரிப்ட். மூன்று வாரம் ஒழுங்காக ஓடியது. அதுவரை யாரும் ஒரே நாளில் இரண்டு தடவை கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அன்று தென்காசிக் கடை ஒன்று காலையில் 12 பெட்டி, மாலையில் 5 பெட்டி கேட்டது. நான் போனபோது லோடு ஆட்டோ நிரம்பி வழிகிறது, தரையில் இன்னும் பெட்டி அடுக்கியிருக்கிறது. அண்ணாச்சி ஒரு கையில் சீட்டு, மறு கையில் பில். "ஏல, சீட்டுல 125 பெட்டி, பில்லுல 17 பெட்டிக்குத்தான் துட்டு. நான் எதை நம்ப?"

வாட்ஸ்அப்பிலிருந்து வந்த எண்ணெல்லாம் வெறும் எழுத்து. பெருக்கல் குறி அதை எண்ணாக மாற்றிக்கொள்ளும், கூட்டல் குறி 12-க்குப் பக்கத்தில் 5-ஐ அப்படியே ஒட்டிவிடும். விலை சரியாக வந்ததால்தான் ஏமாந்தேன். இப்போது எழுத்தை முழு எண்ணாக மாற்றும் பார்ஸ்இன்ட் போட்டாச்சு.

ஆலங்குளத்துக்காரி:
எனக்கு நேரக் கோளாறு. பால் ஊற்றுகிறவர்களுக்கு முந்தின நாள் கணக்கு காலை 6 மணிக்குப் போகணும், போனதோ மத்தியானம் 3.30-க்கு. அதுவும் "காலை வணக்கம்" என்று. ஓர் ஆச்சி போன் போட்டு, "ஏட்டி, ஒனக்கு இப்பத்தான் விடியுதா?" என்றாள். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. நானும் ராத்திரி 8.30 என்று மாற்றி வைத்தேன், காலை 6-க்குச் சரியாகப் போனது. நவம்பரில் தானாகவே 7 ஆகிவிட்டது! சொந்த சர்வரில் நிறுவினால் என்8என்னின் இயல்பு நேரம் நியூயார்க். குளிர்காலத்துக்காக அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே திருப்பியதும் என் பால் கணக்கும் திரும்பியிருக்கிறது.

பாளை_சர்வர்:
பேட்டை தம்பி, பார்ஸ்இன்ட் தீர்வே இல்லை. "1,250" என்று கமா வைத்து வந்தால் அது 1 என்றுதான் எடுக்கும். ஒரு வசூல் பட்டியலில் நான் பட்டது: 1,250 ரூபாய் பாக்கிக்கு ஒரு ரூபாய் கேட்டு மெசேஜ் போய், அந்த மனுசன் உடனே ஜிபே பண்ணிவிட்டு "பாக்கி தீர்ந்ததா?" என்று கேட்டார். முதலில் கமாவை எடுங்கள், அப்புறம் நம்பர் என்று போட்டு மாற்றுங்கள். அதிலும் காலியாக வந்தால் 0 ஆகிவிடும், அதைத் தனியாகப் பாருங்கள். எண் இல்லையென்றால் பிழை எறிந்து ஓட்டத்தையே நிறுத்துங்கள், தப்பான சீட்டுக்கு நின்றுபோன சீட்டு எவ்வளவோ மேல். சோதிக்க நல்ல ஆர்டரையே போட்டுப் பார்க்காதீர்கள், கடைக்காரர் அவசரத்தில் அடித்ததைப் போடுங்கள். ஆலங்குளம் அக்கா, நேரத்தைக் கூட்டிக் கழிக்கிற வேலையே வேண்டாம், அமைப்பில் நம்ம இந்திய நேரத்துக்கு ஆசியா/கொல்கத்தா என்று ஒருதடவை வைத்தால் போதும்.

ஆலங்குளத்துக்காரி:
அதை நவம்பரிலேயே வைத்துவிட்டேன், தம்பி. கேட்டேனா?

பேட்டை_பொடியன்:
பாளை அண்ணன் சொன்னதும், பார்ஸ்இன்ட் போட்ட பிறகு அடித்த சீட்டுகளைப் புரட்டினேன். ஒரு கடைக்காரர் "ஒரு டஜன்" என்று எழுதியிருக்கிறார். சீட்டில் எண்ணிக்கை இடத்தில், எண்ணல்ல என்று சொல்லும் NaN என்ற மூன்று ஆங்கில எழுத்து. அண்ணாச்சி அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு நிமிர்ந்தார்: "நான்னு போட்டிருக்கே, யாருல அந்த நான்?"