அடித்தூண்டில் ரீல்: உங்களிடமிருந்து தப்பிய மீனைச் சொல்லுங்கள்

கலவாக்கனவு

மூன்று வாரமாகிறது, இன்னும் தூக்கத்தில் கை இறுகுகிறது. 70 மீட்டர் ஆழம், பார் (கடலடிப் பாறைத்திட்டு) விளிம்பு, 400 கிராம் ஈயம், 30 கிலோ தாங்கும் பின்னல் தூண்டில் நரம்பு. ரீல் 6.2 விகிதம், அதாவது கைப்பிடி ஒரு சுற்றுக்கு நரம்பு சுற்றும் ஸ்பூல் 6.2 சுற்று; சீக்கிரம் ஏற்றலாம் என்று நம்பி வாங்கியது. கலவா மீன்தான், சந்தேகமே இல்லை: ஒரே இடி, கோல் நுனி தண்ணீருக்குள் போய்விட்டது. அது பாறைப் பொந்துக்குள் புகுமுன் முதல் மூன்று மீட்டரை ஏற்றிவிட்டால் மீன் நம்முடையது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். எனக்கு ஒரு சாண்கூட ஏறவில்லை. பிறகு நரம்பு பாறையில் உரசும் அந்த நறநறப்பு, கோல் வழியாக முழங்கை வரை வந்தது. மேலே வந்த நுனி விளக்குத்திரி போலப் பிரிந்து கிடந்தது.

விகிதம்தான் தவறா? 4 விகித ரீலுக்கு மாறிவிடலாமா? இப்படி அகப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நீவாடு

மாறுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. என்னிடம் இருந்தது 4 விகித ரீல்தான். ஒரு சுற்றுக்கு 63 செ.மீ. 120 மீட்டர் ஆழத்தில் பொடிமீன் இரையைக் கொத்திக்கொண்டு போனால், வெறும் முள்ளை மேலேற்ற 190 சுற்று. ஒரு காலையில் அதைப் பதினொரு முறை செய்தேன். பன்னிரண்டாவது முறை நல்ல கனம். பாதி வழியில் சட்டென்று ஒன்றுமில்லாமல் போனது. போய்விட்டது என்று கோலைச் சாய்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். மீன் போகவில்லை, மேல்நோக்கி நீந்தி வந்துகொண்டிருந்திருக்கிறது. நரம்பு தொய்ந்த அந்தச் சில நொடிகளில் முள்ளை உதறிவிட்டு, படகுக்குப் பக்கத்தில் சிவந்த முதுகைக் காட்டித் திரும்பிப் போனது. பாட்டில் மூடி அப்போதும் என் கையில்தான் இருந்தது.

அதன்பிறகு இரட்டை வேக ரீல்தான். ஒரு பொத்தானில் பலம், அதை விடுவித்தால் வேகம்.

பழைய தராசு

இருவரும் விகிதத்தையே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். நானும் ஒரு காலத்தில் நரம்பைக் கையால் இழுத்துப் பார்த்து, "போதும்" என்று டிராக் (மீன் இழுத்தால் நரம்பு விட்டுக்கொடுக்கும் இறுக்கம்) வைத்தவன்தான். கோல் இரண்டாக முறிந்து, மேல்பாதி நரம்பிலேயே வழுக்கிக் கடலுக்குள் இறங்கியதைப் பார்த்தபிறகு தராசு வாங்கினேன். என் கதை அவ்வளவுதான்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். 30 கிலோ நரம்பென்றால் டிராக் அதில் மூன்றில் ஒரு பங்கு, 10 கிலோ. தராசின் கொக்கியில் நரம்பைக் கட்டி, கோலை மீனோடு போராடும் சாய்வில் பிடித்து இழுத்துப் பார்த்து வைக்க வேண்டும். வீட்டுக் கதவுப்பிடியில் கட்டி இழுப்பதெல்லாம் கணக்கில் வராது. ஸ்பூலில் இருக்கும் நரம்புச் சுற்றின் விட்டம் பாதியாகக் குறைந்தால், அதே டிராக் இரு மடங்கு இறுகும் என்பதையும் மறக்கக் கூடாது. ஆகவே ஆழத்துக்கு மேல் தாராளமாக நரம்பு நிற்கும் ரீலாகப் பாருங்கள்.

அடுத்து கைப்பிடி. நரம்புச் சுற்றின் விட்டம் 5 செ.மீ., கைப்பிடி நீளம் 8 செ.மீ. என்று வையுங்கள். 10 கிலோ எதிர்ப்பை 6.2 விகிதத்தில் சுற்ற, உராய்வை விட்டுவிட்டாலும், கைக்கு 19 கிலோவுக்கு மேல் வேண்டும். 4 விகிதத்தில் பன்னிரண்டரை. கைப்பிடியை 12 செ.மீ. ஆக்கினால் அந்த 6.2 ரீலிலேயே 13 கிலோவுக்குள் வந்துவிடும். விகிதத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள் கைப்பிடியைப் பார்ப்பதில்லை, அதுதான் எனக்கு எரிச்சல்.

கலவாக்கனவு, ஒன்று கேட்கிறேன். கைப்பிடி சுற்றவில்லையா, அல்லது சுற்றியும் நரம்பு வரவில்லையா? இரண்டும் வேறு வேறு நோய்.

தங்கூசி

தராசு ஐயாவின் கணக்கு சரியாகவே இருக்கட்டும். மீன் இழுக்கும்போது யார் வகுத்துப் பார்க்கிறார்கள்? ஆனால் அந்தக் கடைசிக் கேள்வி என்னைச் சுட்டுவிட்டது.

என் ரீலில் டிராக்கைக் கடைசி வரை திருகியாகிவிட்டது. அதை இறுக்கும் நட்சத்திரச் சக்கரம் அதற்குமேல் நகராது. கைப்பிடி சுற்றுகிறது, ஸ்பூலும் சுற்றுகிறது, நரம்பு மட்டும் அசையவில்லை. டிராக் வாஷர் தேய்ந்துவிட்டது என்று ரீலைச் சபித்துக்கொண்டே இருந்தேன். கரைக்கு வந்து பார்த்தால், சுற்றிய நரம்பு மொத்தமும் ஒரே உருளையாக ஸ்பூலின்மீது வழுக்குகிறது, தளர்ந்த மோதிரம் விரலில் சுற்றுவதுபோல. பின்னல் நரம்பை வழவழப்பான உலோக ஸ்பூலில் நேராகக் கட்டியிருந்தேன். அடியில் பத்து மீட்டர் தங்கூசியோ (ஒற்றையிழை நைலான் நரம்பு) ஒரு சுற்று ஒட்டுநாடாவோ போட்டிருந்தால் பிடித்திருக்கும்.

கடைசிமுள்

நான் ஸ்பின்னிங் ரீல்காரன், சிரிக்காதீர்கள். பின்னோக்கிச் சுற்றாமல் தடுக்கும் உருளைத் தாங்கிக்கு அன்புமிகுதியால் கிரீஸ் அப்பினேன். அந்த உருளைகள் இறுகிப் பிடிக்க வேண்டியவை; கிரீஸில் வழுக்கிவிட்டன. 50 மீட்டரில் செப்பிலி மீன் கவ்வியது, கைப்பிடி தலைகீழாகச் சுழன்று விரல் மூட்டுகளை நான்கு முறை அடித்தது. நான்கு என்று எண்ணிச் சொல்கிறேன். நகம் கறுத்து விழுந்து புதிது முளைத்துவிட்டது. ரீல் இன்னும் பெட்டியில்தான்.

பழைய தராசு

ஸ்பின்னிங் ரீலில் அடித்தூண்டில் போட்டால் விரல் போகாமல் வேறென்ன போகும்?

கடைசிமுள்

கோல் முறியாது ஐயா.

கலவாக்கனவு

கைப்பிடி சுற்றியது. இரண்டு நாளாக நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் என் முழங்கை படகின் விளிம்பில் இடித்தது. நீலம் பாய்ந்தது இன்னும் ஆறவில்லை. கைக்கு 19 கிலோ வேண்டுமென்றால் அவ்வளவு வேகமாக நான் எப்படிச் சுற்றியிருக்க முடியும்?

நேற்று ஸ்பூல் விளிம்பில் பேனாவால் ஒரு கோடு, அதற்கு நேராக நரம்பின்மீது ஒரு கோடு போட்டேன். டிராக்கை இறுக்கி, நரம்பைத் தராசில் கட்டி, தம்பியைத் தராசைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் சுற்றினேன். தராசு முள் 6 கிலோவைத் தாண்டவே இல்லை. ஸ்பூலின் கோடு மேலே போனது. நரம்பின் கோடு அங்கேயே நின்றது.

தங்கூசி அண்ணா, ஒட்டுநாடா எந்த அகலம் போட்டீர்கள்? 300 மீட்டரையும் உருவி ஒரு வாளிக்குள் விட்டிருக்கிறேன், இப்போதே சிக்கு விழத் தொடங்கிவிட்டது.