சென்னை விமான நிலையத்திலிருந்து எழும்பூருக்கு ரயிலில்: முழங்கால் வருத்தமுள்ள அம்மாவுக்கு எந்த வழி நல்லது?

பாலையூற்று மகள் கேட்கிறார்:

வணக்கம். அடுத்த மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு சிதம்பரம் போகிறேன். அம்மாவுக்கு 71 வயது. திருகோணமலையில் கோணேசரைக் கும்பிட்டு வளர்ந்த தனக்கு நடராசரையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து விமானத்தில் சென்னை, எழும்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் இரண்டு இரவு, பிறகு ரயிலில் சிதம்பரம். எல்லாம் பதிவு செய்தாகிவிட்டது. விமான நிலையத்திலிருந்து எழும்பூர் வரையுள்ள அந்தச் சின்னத் துண்டில்தான் தடுமாறி நிற்கிறேன்.

நாங்கள் இருவரும் நாட்டை விட்டு வெளியே போவது இதுவே முதல் தடவை. எங்களுக்குப் பழக்கமான ரயில் திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் போகும் இரவு மெயில் ஒன்றுதான். ஏறிப் படுத்தால் கொழும்புக் கோட்டை நிலையத்தில் விடியும். இங்கேயோ கைபேசி வரைபடம் மூன்று வழி காட்டுகிறது. ஆலந்தூரில் மாறச் சொல்கிறது ஒன்று. சென்ட்ரலில் மாறச் சொல்கிறது மற்றது. மூன்றாவது, திரிசூலம் என்று வேறொரு ரயில் நிலையத்துக்கே அனுப்புகிறது.

அம்மா சமதரையில் ஆறுதலாக நடப்பார். படி ஏறுவதைவிட இறங்குவதுதான் அவருக்கு வேதனை. கைபிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து இறங்குவார். பத்துப் படி தாங்குவார், இருபது என்றால் இரவு முழுவதும் தைலம் தேய்க்க வேண்டும். நகரும் படிக்கட்டில் இதுவரை கால் வைத்ததில்லை. இரண்டு சூட்கேஸும் என் கையில் இருக்கும். போய் வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

உப்புவெளி அண்ணன்:

தங்கச்சி, வாடகைக் காரில் ஏறிப் போங்கள். முழங்கால் வருத்தக்காரரையும் வைத்துக்கொண்டு ரயில் எதற்கு?

பாலையூற்று மகள்:

அண்ணா, அதைத்தான் முதலில் நினைத்தேன். விமானம் பிற்பகலில் இறங்குகிறது. வெளியே வந்து சேரும்போது சாலை நெரிசல் நேரமாகிவிடும் என்கிறார்கள். அம்மாவால் காலை மடக்கியபடி நீண்ட நேரம் காருக்குள் இருக்க முடியாது. நின்று, நீட்டி, அசைந்து போகக்கூடியதாக இருந்தால் அவருக்குச் சுகம். அதனால்தான் ரயிலைக் கேட்கிறேன்.

கிண்ணியா ஆசிரியர்:

மெட்ரோவிலேயே போகலாம், பயப்பட வேண்டாம். விமான நிலையத்தில் நீலப் பாதை ரயிலில் ஏறி, மூன்றாவது நிலையமான ஆலந்தூரில் இறங்கி, பச்சைப் பாதைக்கு மாறினால் எழும்பூரிலேயே கொண்டுபோய் விடும். வரைபடத்தில் வரும் முதல் வழி அதுதான்.

ஓர்ஸ்ஹில் அக்கா:

ஆசிரியர் ஐயா மன்னிக்க வேண்டும், அந்த வழி இவர்களுக்கு வேண்டாம். அப்பாவின் கண் சிகிச்சைக்காக நான்கு தடவை சென்னைக்குப் போயிருக்கிறேன், இரண்டு வழியிலும் போய்ப் பார்த்துவிட்டேன்.

ஆலந்தூரில் மாறினால் வடபழனி, கோயம்பேடு, அண்ணா நகர் என்று மேற்கே சுற்றிக்கொண்டு எழும்பூருக்கு வருவீர்கள். எண்ணிப் பாருங்கள்: ஆலந்தூருக்கு மூன்று நிலையம், அங்கிருந்து எழும்பூர் பதினான்காவது. மொத்தம் 17. மாறாக, ஏறிய நீலப் பாதை ரயிலிலேயே அசையாமல் இருந்தால் 13ஆவது நிலையம் சென்ட்ரல். அங்கே பச்சைப் பாதைக்கு மாறி ஒரே ஒரு நிலையம் போனால் எழும்பூர். இரண்டு வழியிலும் ஒரு தடவைதான் மாற வேண்டும். ஆனால் சென்ட்ரல் வழியில் அம்மா நீண்ட நேரம் ஒரே ஆசனத்தில் ஆறுதலாக வரலாம், எழும்பி மாறுவது கடைசியில்தான் வரும். முதியவர்களுக்கென்று ஆசனம் ஒதுக்கியிருக்கிறார்கள். இளம்பிள்ளை யாராவது இருந்தால் கேளுங்கள், எழும்பி இடம் தருவார்கள்.

ரயிலின் முகப்பில் கடைசி நிலையத்தின் பெயர் இருக்கும். விம்கோ நகர் என்றாலும் வண்ணாரப்பேட்டை என்றாலும் ஏறுங்கள், இரண்டும் சென்ட்ரலைத் தாண்டித்தான் போகின்றன.

இப்போது நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன், உங்களுக்கு அது வரக்கூடாது. சென்ட்ரல் என்று நாம் சொல்லும் நிலையத்தின் முழுப்பெயர் "புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. இராமச்சந்திரன் சென்ட்ரல்". பச்சைப் பாதையில் கோயம்பேட்டுக்கு அருகே இன்னொரு நிலையம் இருக்கிறது, "புரட்சித் தலைவி டாக்டர் ஜெ. ஜெயலலிதா புறநகர் பேருந்து நிலையம்". 2020இல் இப்படிப் பெயர் மாற்றினார்கள். ஆலந்தூரும் அப்போதுதான் "அறிஞர் அண்ணா ஆலந்தூர்" ஆனது. முதல் பயணத்தில் ஆலந்தூரில் மாறிப் போய்க்கொண்டிருந்தோம். அறிவிப்பில் "புரட்சித் தலை" என்று கேட்டதுமே அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். கட்டுப்போட்ட கண்ணோடு அவர் என் பின்னால் தடுமாறி வந்தது இன்றைக்கும் நெஞ்சை அறுக்கிறது. "சென்ட்ரல்" என்ற சொல் காதில் விழும்வரை எழும்ப வேண்டாம். நீலப் பாதையில் போனால் அந்த மற்ற நிலையம் வழியில் வரவே வராது, அதுவும் ஒரு நிம்மதி.

பாலையூற்று மகள்:

அக்கா, 17, 13 என்று எண்ணிச் சொன்னது பெரிய உதவி. வாசித்துக் காட்டினேன், அம்மா உடனே விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிட்டார். இன்னும் மூன்று கேள்வி. மெட்ரோவில் படி இறங்காமல் போக முடியுமா? டிக்கெட்டுக்குக் காசு எப்படி? நம் நாட்டுக் கைபேசி எண்ணை வைத்துக்கொண்டு எதையாவது பதிய வேண்டுமா?

ஓர்ஸ்ஹில் அக்கா:

படி: எல்லா மெட்ரோ நிலையத்திலும் மின்தூக்கி இருக்கிறது. நகரும் படிக்கட்டைத் திரும்பியும் பார்க்க வேண்டாம், மின்தூக்கி எங்கே என்று சீருடை போட்டவர்களிடம் கேளுங்கள். விமான நிலைய மெட்ரோ தூண்களுக்கு மேலே இருக்கிறது, அங்கே மேலே ஏற வேண்டும். சின்னமலை தாண்டியதும் ரயில் நிலத்துக்கு அடியில் இறங்கிவிடும். சைதாப்பேட்டையிலிருந்து எல்லாம் சுரங்க நிலையம். சென்ட்ரலில் நீலமும் பச்சையும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு தளத்தில் ஓடுகின்றன, அங்கேயும் மின்தூக்கிதான். ஆகவே மொத்தப் பயணத்திலும் அம்மா ஒரு படிகூட இறங்கத் தேவையில்லை.

காசு: கையில் இந்திய ரூபாய் இருந்தால் போதும், கவுண்டரில் எழும்பூர் என்று சொல்லி வாங்கலாம். மெட்ரோவில் ஆகக் குறைந்த கட்டணம் 10 ரூபாய், ஆகக் கூடியது 50. நடுவில் மாறுவதற்கு வேறு டிக்கெட் வேண்டாம். விமான நிலையத்தில் பணம் மாற்றும்போது 500 ரூபாய்த் தாள்களாகவே தருவார்கள். கொஞ்சத்தையாவது 50, 100 ஆகத் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள், பிறகு ஓட்டோக்காரரிடம் மீதிக் காசுக்காக நிற்க வேண்டி வராது.

கைபேசி: எதையும் பதியத் தேவையில்லை. கவுண்டரில் தரும் காகித டிக்கெட்டை வாயிலில் காட்டினால் கதவு திறக்கும். உள்ளே வந்த பிறகும் அதைக் கசக்கவோ எறியவோ வேண்டாம், வெளியேறும்போது மறுபடி காட்ட வேண்டும். அம்மாவின் டிக்கெட்டையும் நீங்களே வைத்திருங்கள். அவரை முன்னால் விட்டு, நீங்கள் கையை நீட்டிக் காட்டிவிட்டுப் பின்னால் உங்கள் டிக்கெட்டோடு வாருங்கள். பெட்டிகளைச் சோதிக்கும் இயந்திரத்தில் போடச் சொல்வார்கள், அதற்கு முன்பே கைப்பையிலுள்ள மாத்திரையையும் தண்ணீரையும் அம்மாவின் கையில் கொடுத்துவிடாமல் எல்லாவற்றையும் ஒரே பைக்குள் வையுங்கள். இல்லாவிட்டால் அங்கேதான் ஏதாவது விடுபட்டுப் போகும்.

இன்னொன்று. இரவு மெயிலைப்போல் கதவில் நின்று ஆறுதலாக ஏற முடியாது. கதவு தானாகவே மூடும், நிற்பது கொஞ்ச நேரம்தான். முதலில் அம்மா, பிறகு பெட்டி. பெட்டியை முன்னால் தள்ளிவிட்டு அம்மாவை மேடையில் விட்டுவிடாதீர்கள்.

சிவன் கோயிலடி ஐயா:

மகளே, திரிசூலத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை, ஆகவே சொல்கிறேன். அது புறநகர் ரயில் நிலையம். விமான நிலையத்துக்கு எதிரே, பெருஞ்சாலையின் மறுபக்கம் இருக்கிறது. சுரங்கப்பாதை வழியாகப் போகலாம். சென்னைக் கடற்கரை நிலையத்துக்குப் போகும் ரயிலில் ஏறினால் மாறாமலே எழும்பூர், கட்டணமும் மெட்ரோவைவிட மிகவும் குறைவு. தனியாகப் போகும் இளைஞன் என்றால் அதையே சொல்லுவேன். அம்மாவுக்கு வேண்டாம். படிகள் உண்டு, ரயில் அரை நிமிடம்கூட நிற்பதில்லை, ஏறுபவரும் இறங்குபவரும் கதவில் முட்டி மோதுவார்கள்.

ஆனால் அந்த நிலையத்தை மறந்துவிடவும் வேண்டாம். எழும்பூரிலிருந்து தெற்கே போகும் ரயில்கள் தாம்பரத்தில் நிற்கும். திரிசூலத்திலிருந்து தாம்பரம் எதிர்த் திசையில் நான்காவது நிலையம். நேரே சிதம்பரம் போகிறவர்கள் நகரத்துக்குள் நுழையாமல் தாம்பரத்திலேயே ஏறிவிடலாம். உங்களுக்கு எழும்பூரில் தங்கல் இருப்பதால் இது தேவைப்படாது. என்றாலும் சிதம்பரம் டிக்கெட்டில் புறப்படும் நிலையம் எது என்று ஒரு தடவை பாருங்கள். எழும்பூரில் கட்டட வேலை நடப்பதால் சில வண்டிகளைத் தாம்பரத்திலிருந்து விடுகிறார்கள்.

எழும்பூர் என்ற பெயரைக் கேட்டால் எனக்குப் பன்னிரண்டு வயது வந்துவிடுகிறது. 1958இல் அப்பாவோடு இங்கிருந்து ரயிலிலேயே அங்கே போனேன். கல்லோயா, மாகோ, அநுராதபுரம், மதவாச்சி, தலைமன்னார். அங்கே கப்பல். தனுஷ்கோடியில் இறங்கினால் போட் மெயில் நிற்கும், அது எழும்பூரில் விடும். கப்பலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற என் கையில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்ததை அப்பா தன் வேட்டித் தலைப்பால் துடைத்தார். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறியது, யுத்தத்தோடு அதுவும் நின்றது. இராமேஸ்வரம் போகும் அந்த வண்டி இன்றும் மாலையில் எழும்பூரிலிருந்து சிதம்பரம் வழியாகத்தான் போகிறது. நீங்கள் பதிந்திருப்பது அதுவானால், அங்கே யாராவது இன்னும் அதைப் போட் மெயில் என்று சொல்கிறார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

உப்புவெளி அண்ணன்:

ஐயா சொன்னதை வாசித்த பிறகு காரைப் பற்றி நான் பேசமாட்டேன். தங்கச்சி, விமானத்துக்குச் சக்கர நாற்காலி கேட்டு இப்போதே பதிந்துவிடுங்கள். பலாலியில் விமானத்தடியிலும், சென்னையில் நீண்ட நடையிலும் அது கை கொடுக்கும். அம்மா கூச்சப்பட்டாலும் கேளுங்கள்.

பாலையூற்று மகள் (ஐந்து வாரம் கழித்து):

நேற்றுத்தான் வீடு வந்து சேர்ந்தோம். உதவிய எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நடந்ததை எழுதுகிறேன், அடுத்துப் போகிறவர்களுக்கு உதவட்டும்.

சக்கர நாற்காலியில் வெளி வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள். மெட்ரோ என்ற பலகையைப் பார்த்தே நடந்தோம். மின்தூக்கி, கவுண்டர், வாயில் எல்லாம் அக்கா சொன்னபடியே. அம்மாவுக்கு ஏறியதுமே ஆசனம் கிடைத்தது. சேலைத் தலைப்புக்குள் கையை வைத்துக்கொண்டு விரல் கணுக்களில் நிலையங்களை எண்ணத் தொடங்கினார். சின்னமலைவரை ஜன்னலில் வீடுகளும் மரங்களும் ஓடின. பிறகு ஜன்னல் கறுத்துவிட்டது. நிலையம் எது, சுவர் எது என்று தெரியாமல் அம்மா கலங்கிப்போனார். "வெளியே பார்க்காதீர்கள் அம்மா, கதவு திறக்கும்போது மட்டும் ஒன்று சேருங்கள்" என்றேன். நான் அறிவிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன், அவர் கதவை எண்ணினார். இருவரும் ஒரே நேரத்தில் எழும்பினோம்.

ஒரு இடத்தில் பிசகினேன். எழும்பூர் மெட்ரோவிலிருந்து தெருவுக்கு வரப் பல வாயில்கள் இருக்கின்றன, மின்தூக்கி எல்லா வாயிலுக்கும் போவதில்லை. விடுதிக்கு எந்த வாயில் என்று முன்பே கேட்டு வைத்திருக்கவில்லை. கூட்டம் போன பக்கமே போய், படிக்கட்டின் அடியில் நின்றோம். அம்மா பதினெட்டுப் படி ஏறினார், நடுவில் இரண்டு தடவை நின்றார். ஏறுவது என்பதால் சமாளித்தார். திரும்பி வரும்போது விடுதிக்காரரிடம் கேட்டுக்கொண்டு மின்தூக்கியுள்ள வாயிலுக்கு ஓட்டோவில் போனோம். நீங்கள் போகும் முன்பே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

ஐயா, நாங்கள் பதிந்திருந்ததும் அந்த வண்டிதான். பெட்டியில் இராமேஸ்வரம் என்று மட்டுமே பலகை இருந்தது. எங்கள் சூட்கேஸைத் தூக்க வந்த முதியவர் டிக்கெட்டைக்கூடப் பார்க்கவில்லை. அம்மாவின் பேச்சைக் கேட்டுவிட்டு, "போட் மெயிலாம்மா?" என்றார். அம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் ஆம் என்றேன்.